வீட்டுல தையல் மெஷின் இருக்கு... அதை வச்சு தொழில் பண்ண முடியுமா? நெல்லைப் பெண்கள் போட வேண்டிய கணக்கு!

"பிரதமரின் இலவச தையல் மெஷின் திட்டம். இந்த லிங்கை க்ளிக் பண்ணி உடனே விண்ணப்பிக்கவும்." வாட்ஸ்அப் குரூப்களில் சில மாதங்களுக்கு ஒரு முறை இந்த மெசேஜ் சுற்றி வரும். அப்படி ஒரு திட்டத்தை மத்திய அரசு நடத்தவில்லை என்று பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆனாலும் மெசேஜ் நிற்கவில்லை. காரணம், அதற்குப் பின்னால் இருக்கும் ஆசை நிஜம். வீட்டில் சும்மா இருக்கும் மெஷினை வைத்து, தெரிந்த கைவேலையில் நாலு காசு பார்க்க முடியாதா என்ற ஆசை அது.

பார்க்க முடியும். ஆனால் தைக்கத் தெரிவது வேறு, தைத்ததை விற்றுப் பிழைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் அந்தக் கணக்கு எப்படி இருக்கிறது? எந்த உதவி உண்மை, எது புரளி? விரிவாகப் பார்க்கலாம்.

நெல்லைக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதிப்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம்.

முதல் உதாரணம் லேஸ். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844ல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடிக்கு வந்தார். அம்மாவிடம் கற்ற வேலையை அந்தத் தேரிக்காட்டு ஊரிலும் தொடங்கினார். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், லேஸ் இன்னொரு பக்கம். கூலி வேலையைத் தவிர வேறு வழி இல்லாத பெண்களுக்குக் கையில் காசு வந்தது.

இரண்டாவது பத்தமடை. சேரன்மகாதேவி பக்கத்தில் உள்ள இந்த ஊரின் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி நெய்யும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய்க்குத் தனி மவுசு. இப்போது அதே பாயை வெட்டி, உள்ளே துணி வைத்துத் தைத்து, கைப்பை, பர்ஸ், ஃபைல் என்றும் விற்கிறார்கள். நெசவும் தையலும் சேரும் இடம் இது.

மூன்றாவது பீடி. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள் ஏராளம்.

இந்த மூன்றில் பீடியும் பாயும்தான் இன்றைய தையல்காரப் பெண் யோசிக்க வேண்டிய இரண்டு பாதைகள். பீடியில் இலையும் தூளும் அடுத்தவருடையது, விலையும் அடுத்தவர் சொல்வது, பெண்ணுக்குக் கிடைப்பது எண்ணிக்கைக்கான கூலி. பத்தமடை கல்யாணப் பாயில் பொருளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை வேறு ஊரில் வாங்க முடியாது. அதனால் விலை சொல்லும் வாய்ப்பு கொஞ்சமாவது நெய்பவர் பக்கம் இருக்கிறது.

தையலும் பீடி மாதிரி ஆகிவிடுமா?

ஆகிவிடும், கவனிக்காவிட்டால். ஒரு ஏஜென்ட் வெட்டிய துணியைக் கட்டாக இறக்கிவிட்டு, பீஸுக்கு இவ்வளவு என்று சொல்லிப் போவார். தைத்துக் கொடுத்தால் காசு. அளவு தப்பினால் கழிவு. தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர் போன்ற ரெடிமேட் ஊர்களைச் சுற்றி இந்த முறை பழக்கமானது. நிலையான வேலை வேண்டும், விற்கும் தலைவலி வேண்டாம் என்பவருக்கு இது தப்பான வழி இல்லை. ஆனால் இது கூலி வேலை. சொந்தத் தொழில் என்று நினைத்துக்கொண்டு இதில் கடன் போட்டு இரண்டாவது மெஷின் வாங்கினால்தான் சிக்கல்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பீடித் தொழிலாளருக்கு 1966லேயே தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளர்தான் என்று அந்தச் சட்டம் ஏற்றது. அதனால் பதிவு உள்ளவருக்குப் பாஸ்புக்கும் பிஎஃப்பும் கிடைத்தன. வீட்டில் பீஸ் தைக்கும் பெண்ணுக்கு அந்த மாதிரி எந்தப் பாஸ்புக்கும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரு பிடி, தமிழ்நாடு தையல் தொழிலாளர் நலவாரியம். தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் இந்த வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, முதுமை ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவி கேட்க முடியும். கூலிக்குத் தைத்தாலும் சொந்தமாகத் தைத்தாலும் இந்தப் பதிவை முதலில் முடித்துவிடுவது நல்லது.

ஒரு பைக்கு எவ்வளவு கேட்கலாம்?

பொழுதுபோக்கு தொழிலாக மாறும்போது பெரும்பாலானவர்கள் வழுக்கும் இடம் இதுதான். "யக்கா, எனக்கும் ஒரு பை தச்சுத் தாங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். "சும்மா வீட்டுல இருக்கிற துணிதானே, குடுக்கிறதைக் குடு" என்று பதில் வரும். அந்த "குடுக்கிறதைக் குடு" தொழிலுக்கு ஆகாது.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். ஜிப் வைத்த, லைனிங் கொடுத்த ஒரு துணிக் கைப்பை. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

• மேல் துணி: 60 ரூபாய்
• லைனிங்: 25 ரூபாய்
• ஜிப், ரன்னர், கேன்வாஸ், நூல்: 30 ரூபாய்
• லேபிள், கவர்: 10 ரூபாய்
• கரண்ட், ஊசி, மெஷின் தேய்மானம்: 10 ரூபாய்

ஆக மொத்தம் 135 ரூபாய். வெட்டுவது முதல் நூல் நறுக்குவது வரை ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பையை 180 ரூபாய்க்குக் கொடுத்தால் கையில் நிற்பது 45 ரூபாய். மணிக்கு 30 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து தைத்தாலும் 240 ரூபாய்தான். 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதாவது "லாபம் வருது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண், மண்வெட்டிக் கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சரியான விலை என்ன? தன் உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் வைத்தால் 90 ரூபாய். விற்காமல் தங்கும் பை, தையல் பிசகிய பை, போட்டோவுக்காகத் தைத்த மாதிரிப் பை, இவற்றுக்கு 25 ரூபாய் ஒதுக்க வேண்டும். 135ம் 90ம் 25ம் சேர்ந்தால் 250 ரூபாய். நேரடியாக விற்றால் இதுதான் அடிமட்ட விலை.

அதே பையை ஒரு கடையில் வைத்தால்? கடைக்காரர் விற்பனை விலையில் 30 சதவீதம் கேட்கிறார் என்றால், 360 ரூபாய் விலை போட்டால்தான் அந்த 250 கைக்கு வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் 360, வீட்டில் 250 என்று இரண்டு விலை வைத்தால், விஷயம் தெரிந்த அன்றே கடைக்காரர் பைகளைத் திருப்பி அனுப்புவார். ஒரே விலைதான் நிலைக்கும்.

360 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. யாரும் வாங்க மாட்டார்கள் என்றால், அந்தப் பையைத் தைக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். விலையைக் குறைப்பதற்கு முன், பொருளை மாற்ற வேண்டும்.

மஞ்சப்பை தைத்தால் லாபமா?

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு இனி நல்ல காலம் என்று பலர் மெஷினைத் தூசி தட்டினார்கள்.

ஆனால் பல இடங்களில் வைக்கப்பட்ட தானியங்கி இயந்திரங்களில் ஒரு மஞ்சப்பையின் விலை 10 ரூபாய். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வெட்டி, பவர் மெஷினில் அடித்து வரும் பைதான் அந்த விலைக்குக் கட்டுப்படியாகும். காலால் மிதிக்கும் மெஷினை வைத்து அதோடு போட்டி போட முடியாது.

வீட்டில் தைப்பவருக்கு இடம் இருப்பது வேறு பக்கம்.

கல்யாணத் தாம்பூலப் பை: பெயரும் தேதியும் அச்சிட்டு, 200, 300 என்று ஆர்டர் வரும். ஒரே அளவு, ஒரே தையல் என்பதால் வேகம் கூடும். முகூர்த்தத் தேதி மாறாது. எனவே பாதிப் பணம் முன்பணம் வாங்காமல் துணி வெட்டக் கூடாது.

ஆரி ஒர்க், ப்ளவுஸ் வேலைப்பாடு: நேரம் அதிகம், விலையும் அதிகம். மணப்பெண் ப்ளவுஸ் பேரம் பேசும் பொருள் அல்ல. ஆனால் ஒரு ஊசி பிசகினால் விலை உயர்ந்த பட்டே போச்சு.

குழந்தைத் துணி, தொட்டில் துணி, துண்டுத்துணி மெத்தை: பழைய பருத்திச் சேலையைக் கொண்டுவந்து "அம்மா சேலையில் ஒரு விரிப்பு" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதில் துணிச் செலவே இல்லை. வாங்குவது கைவேலைக்கான கூலி.

உள்ளூர்ப் பொருளோடு சேர்ந்த தையல்: பத்தமடைப் பாய், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி கைத்தறித் துணி. இவற்றில் தைத்த பைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஆனால் கதை உண்மையாக இருக்க வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றோ, வேறு ஊர்ப் பாயைப் பத்தமடை என்றோ சொல்லி விற்பது ஏமாற்று மட்டுமல்ல. புவிசார் குறியீடு உள்ள பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கலும் வரும்.

எந்த மாதம் வேலை, எந்த மாதம் ஓய்வு?

தையல் வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, எனவே தாம்பூலப் பை ஆர்டரும் இல்லை. ஆவணியும் தையும் வந்தால் தூக்கம் இருக்காது. தீபாவளிக்கு முன் ப்ளவுஸ் குவியும். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ், மேலப்பாளையத்தில் ரம்ஜான், ஜூனில் பள்ளிச் சீருடை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சீசன் உண்டு.

சீசனில் வந்த பணத்தை முழுதும் செலவழித்துவிட்டால், ஆடியில் துணி வாங்க வட்டிக்குத்தான் போக வேண்டும். வீட்டுத் தையல் தொழில்கள் பல ஆர்டர் இல்லாமல் நிற்பதில்லை. கையில் சுழற்சிப் பணம் இல்லாமல்தான் நிற்கின்றன.

இந்த ஊருக்கென்று ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையில் தாமிரபரணி கரை உடைத்து ஓடியதை யாரும் மறக்கவில்லை. தரையில் அடுக்கிய துணிக்கட்டும், மெஷின் மோட்டாரும் ஒரு ராத்திரி வெள்ளத்துக்குத் தாங்காது. ஆற்றோர, தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சரக்கைப் பரண்மேல் ஏற்றி வைப்பதும், கடன் வாங்கும்போது காப்பீடு பற்றிக் கேட்பதும் அவசியம்.

உண்மையில் என்னென்ன உதவி இருக்கிறது?

இலவச மெஷின்: மாநில சமூக நலத்துறை மூலம் சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. இது எல்லோருக்கும் அல்ல. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் உள்ள பெண்கள் ஆகியோருக்கு, வயது, வருமான வரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கலைஞர் கைவினைத் திட்டம்: 2025 ஏப்ரலில் தொடங்கியது. தையல் உட்பட 25 கைவினைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம். வட்டியில் 5 சதவீதம் வரை சலுகை. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். அணுக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

பிஎம் விஸ்வகர்மா: 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கியது. தையல்காரர் உட்பட 18 தொழில்களுக்குப் பயிற்சி, கருவி வாங்க 15 ஆயிரம் ரூபாய், இரண்டு தவணையாக 3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன். வாட்ஸ்அப்பில் சுற்றும் "இலவச மெஷின்" புரளி பெரும்பாலும் இந்த 15 ஆயிரத்தைத் திரித்துச் சொல்வதுதான். இந்தத் திட்டம் குலத்தொழிலை ஊக்குவிக்கும் என்பது தமிழ்நாடு அரசின் ஆட்சேபம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35 ஆக்க வேண்டும் என்று கேட்டது. அது ஏற்கப்படாததால் தற்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் தெரிவித்தது. கலைஞர் கைவினைத் திட்டம் அதற்கு மாற்றாக வந்தது. இரண்டு அரசுகளின் வாதம் எதுவாக இருந்தாலும், இடையில் விடுபட்டவர் யார் என்றால், 35 வயது ஆகாத இளம் தையல்காரப் பெண். அவருக்கு இருப்பது அடுத்த வழி.

முத்ரா கடன்: "சிசு" பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை, ஈடு இல்லாமல். இதில் மானியம் இல்லை, முழுதும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

மகளிர் சுய உதவிக் குழு: வங்கிக் கடன் மட்டுமல்ல, "மதி" என்ற பெயரில் விற்பனை வாய்ப்பும் உண்டு. புத்தகத் திருவிழா, அரசுப் பொருட்காட்சி போன்ற இடங்களில் குழுக்களுக்கு ஸ்டால் கிடைக்கும். 2025ல் வழங்கத் தொடங்கிய அடையாள அட்டை இருந்தால், அரசுப் பேருந்தில் 25 கிலோ வரையிலான பொருட்களை 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம்.

பயிற்சி வேண்டுமென்றால், மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி "சர்டிபிகேட் கோர்ஸ்" சேரும் முன் அங்கே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

ஜிஎஸ்டி கட்டணுமா?

ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தேவை இல்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு, தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியைத் தைத்துக் கொடுப்பது சேவை. அதையும் சேர்த்துச் செய்தால் வரம்பு 20 லட்சம்.

ஆன்லைன் தளங்களில் விற்க ஜிஎஸ்டி கட்டாயம் என்று இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. வரம்புக்குள் இருப்பவர், பான் எண் கொடுத்து ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு, தன் மாநிலத்துக்குள் மட்டும் இந்தத் தளங்கள் வழியாக விற்கலாம். பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவதென்றால் விதிகள் மாறும். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கும் உண்டு. எனவே வெளிமாநில ஆர்டர் எடுக்கும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் வந்த மாற்றத்தில் தையல் மெஷினுக்கான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமானது. புது மெஷின் வாங்குபவர் பில்லில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும். கட்டணம் ஒரு ரூபாய் கூட இல்லை. அரசு இணையதளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன. பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல.

பலருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள்

துணி பொம்மை: அழகாக இருக்கும், வேகமாக விற்கும். ஆனால் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளித்துறையின் கைவினைப் பொருட்கள் ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவு இல்லாமல் பொம்மை விற்பனையைப் பெரிதாக்குவது ஆபத்து.

கார்ட்டூன் படம்: பள்ளிப் பையில் பிரபல கார்ட்டூன் உருவத்தைப் போட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள்தான். ஆனால் அந்தப் படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். அனுமதி இல்லாமல் விற்பது சட்ட மீறல்.

டெபாசிட் கேட்கும் வேலை: "வீட்டிலிருந்தே தையல் வேலை, மாதம் 30 ஆயிரம், பதிவுக்கு மட்டும் 2 ஆயிரம் கட்டுங்க" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் மோசடி. வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார். ஆன்லைனில் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தொடங்கலாமா, வேண்டாமா?

தையல் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. ஒரே மாதிரிப் பையை முந்நூறு முறை தைக்கும் பொறுமை வேண்டும். பிடித்த வேலை தொழிலானதும் பிடிக்காமல் போவதும் உண்டு. அப்படிப்பட்டவர் அதைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்வதில் எந்தத் தோல்வியும் இல்லை.

தொடங்குபவர் கடனில் தொடங்காமல் இருப்பது நல்லது. இருக்கிற மெஷினில், ஒரே ஒரு பொருள், இருபது எண்ணிக்கை. அதைச் சொந்தக்காரர் அல்லாதவரிடம், முழு விலைக்கு விற்றுப் பார்க்க வேண்டும். சித்தியும் அத்தையும் வாங்கினால் அது அன்பு. முகம் தெரியாத ஒருவர் இரண்டாவது முறை கேட்டு வந்தால்தான் அது வியாபாரம். அதற்குப் பிறகு பவர் மெஷினைப் பற்றியும், ஓவர்லாக் பற்றியும், மானியக் கடனைப் பற்றியும் யோசிக்கலாம்.

அந்த இருபது பையையும் தைக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். துணி எவ்வளவு, நேரம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதி வைத்தால், கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் அந்த நோட்டுதான் முதல் ஆவணம்.